அடிக்கடி தலைவலியா? கைவைத்தியத்தில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டில் யாருக்காவது தலைவலி என்றால் அம்மா தேடுவது சுக்கும் உரைகல்லும்தான். இரண்டு சொட்டு வெந்நீர் விட்டு, சுக்கைச் சுற்றிச் சுற்றி இழைப்பார். மண் நிறத்தில் விழுது திரண்டு வரும். அதை நெற்றிப்பொட்டில் தடவிக்கொண்டு படுத்தால் முதலில் சுள்ளென்று எரியும், அப்புறம் காய்ந்து தோலை இழுத்துப் பிடிக்கும். அந்தப் பிடியில் வலி கொஞ்சம் மறக்கும். பத்துப் போடுவதில் தவறில்லை. காய்ந்ததும் கழுவாமல் ராத்திரி முழுக்க விட்டுவைப்பதும், எரிந்தால்தான் கேட்கும் என்று மேலே மேலே அப்புவதும்தான் தவறு. தோல் புண்ணாகிக் கறுத்துவிடும். கண் இமைப் பக்கம் போகவே கூடாது.

ஆனால் எப்போதாவது வரும் தலைவலி வேறு, வாரத்தில் மூன்று நாள் வருவது வேறு. அடிக்கடி வந்தால் எதனால் வருகிறது என்று பார்க்க வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு தினமும் வண்டியில் வேலைக்குப் போய்வந்த காலத்தில் நான் அதைப் பார்க்கவே இல்லை. சாயங்காலம் மண்டை தெறிக்கும். வழியில் ஒரு மாத்திரை வாங்கி டீயோடு விழுங்கிவிட்டு வீடு வந்து சேருவேன். நாளாக நாளாக, காலையில் எழும்போதே வலியோடு எழ ஆரம்பித்தேன்.

வலி மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. ஏற்கெனவே தலைவலி வருகிறவர்கள் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ போட்டால், அதுவும் 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், அதனாலேயே தலைவலி நிலைத்துவிடலாம். காஃபீன் சேர்த்த கூட்டு மாத்திரைகளுக்கு 10 நாளே போதும். நிறுத்தினால் முதல் சில நாள் வலி கூடத்தான் செய்யும். அதைத் தாங்காமல்தான் மறுபடியும் அட்டையைப் பிரிக்கிறோம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துவதுதான் சரி.

என் கண்ணைத் திறந்தது சுவரில் தொங்கிய மாதக் காலண்டர். வலி வந்த தேதிக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட தேதிக்கு ஒரு கோடு என்று குறித்துவந்தேன். மாதக் கடைசியில் எண்ணினால் 17 கோடு! இன்னொன்றும் தெரிந்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமையிலும் வட்டம். விடுமுறை நாளில் எதற்குத் தலைவலி? மற்ற நாட்களில் காலை 6 மணிக்கே காபி குடித்துவிடுவேன். ஞாயிறு மட்டும் 9 மணி வரை தூக்கம், அப்புறம்தான் காபி. பழகிய காபி தவறினாலும் வலிக்கும், தூக்கம் அளவுக்கு மீறினாலும் வலிக்கும். அதற்காகக் காபியை ஒரே நாளில் விட்டுவிடாதீர்கள், அதுவும் தலைவலிதான். அரை டம்ளராகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எழும் நேரத்தை எல்லா நாளும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

பசி இன்னொரு காரணம். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விடுவது, கிருத்திகை, சஷ்டி என்று வெறும் வயிற்றில் இருப்பது, இரண்டும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு ஆகாது. விரதத்தை விட மனமில்லை என்றால் பாலோ பழமோ எடுத்துக்கொண்டு இருங்கள். நம் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை கொட்டும். தண்ணீர் குறைந்தாலும் தலை வலிக்கும். இறுக்கமான ஹெல்மெட்டும் வலி தரும். கழற்ற வேண்டாம், அளவானதாக மாற்றுங்கள்.

ஆவி பிடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூக்கு அடைத்த சளிக்கு நொச்சி இலை ஆவி இதமாக இருக்கும். ஆனால் பக்கவாட்டில் விண்விண் என்று தெறித்து, குமட்டி, வெளிச்சமே ஆகாத வலியை ‘சைனஸ்’ என்று நாமே முடிவுகட்டி ஆவி பிடிக்கிறோம். அது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி. சூடும் வாசனையும் அதைக் கிளப்பிவிடலாம். இருட்டறையில் நெற்றியில் ஈரத்துணி போட்டுப் படுப்பதே அதற்கு நல்லது. கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தைகள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கைக்குழந்தைக்குக் கற்பூரம் கலந்த தைலமும் ஆகாது.

என்னை மிகவும் பயமுறுத்துவது சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி எடுப்பது. தலை லேசானதுபோல் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் திருப்பலில் கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். அபூர்வம்தான், ஆனாலும் வேண்டவே வேண்டாம். தோளையும் பிடரியையும் மெதுவாகப் பிடித்துவிட்டால் போதும்.

சில தலைவலியை வீட்டில் ஒரு நிமிடமும் வைத்துப் பார்க்கக் கூடாது. இடி விழுந்ததுபோல் திடீரென்று உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், கண் சிவந்து பார்வை மங்கல், தலையில் அடிபட்ட பின் வரும் வலி, கர்ப்பிணிக்கு வரும் கடும் வலி: இவற்றுக்கு உடனே 108. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது, புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி ஆரம்பித்தாலும் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள். போகும்போது அந்தக் காலண்டர் தாளையும் காலி மாத்திரை அட்டைகளையும் பையில் எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது எத்தனை நாள் வலித்தது, என்ன போட்டீர்கள் என்பதைத்தான்.