‘படிக்கிற பிள்ளை’ என்ற சலுகையைத் திருப்பிக் கொடுப்பது எப்படி?

கிறிஸ்தவ வீடுகளில் பதின்ம வயதுப் பிள்ளைகளாகிய உங்களிடம் எதிர்பார்ப்பு குறைவு என்று சொன்னால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். மதிப்பெண்ணைப் பொறுத்தவரை அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. ஆனால் அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் உங்களிடம் யாரும் கேட்பதில்லை. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் ஞாயிறு ஆராதனைக்கு வராததையும் ‘படிக்கிற பிள்ளை’ என்று சபையின் போதகரான ஆயரே பொறுத்துக்கொள்கிறார். வாலிபர் என்றால் நாற்காலி போடவும் கிறிஸ்துமஸ் பவனியில் கிட்டார் வாசிக்கவும்தான் என்று சபையும் முடிவு செய்துவிட்டது. அன்பினால் தரப்படும் சலுகையோடு வாதாட முடியாது. அதைப் பயன்படுத்தாமல் இருந்து காட்டுவதே வழி.

முதலில் ஒரு வாரம் காதைத் திறந்து வைத்திருங்கள். “அவனுக்கு அது வராது”, “அவளைத் தொந்தரவு பண்ணாதே” என்று உங்களைப் பற்றிச் சொல்லப்படும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பட்டியலின் முதலிடத்தில் நிற்பது, தமிழ் வேதாகமத்தை வாசிப்பதாகத்தான் இருக்கும். ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதைச் சில பெற்றோர் பெருமையாகவே சொல்வது வேறு கதை.

அங்கிருந்தே தொடங்கலாம். வேதாகமத்தின் பாடல் புத்தகமான சங்கீதத்தில் 119ஆம் சங்கீதம் மொத்தம் 176 வசனங்கள். எட்டு எட்டு வசனங்களாக 22 பகுதிகள். நாளுக்கு ஒரு பகுதியைச் சத்தமாக வாசியுங்கள். பிரமாணம், நியாயங்கள், கட்டளைகள், சாட்சிகள் என்ற அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால், தொடக்கத்தில் தடுக்குகிற நாக்கு ஒரு வாரத்திற்குள் பழகிவிடும். பிறகு, ஆராதனையில் வேதபாடம் வாசிக்க ஒரு ஞாயிறு தரும்படி ஆயரிடம் கேளுங்கள். பரிசுத்த ஆவியின் வருகையை நினைவுகூரும் பெந்தெகொஸ்தே ஞாயிறு கிடைத்தால் மறுக்காதீர்கள். அன்று வாசிக்கப்படும் அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் “பார்த்தரும், மேதரும், ஏலாமீத்தரும்” என்று தொடங்கிக் கப்பத்தோக்கியா, பம்பிலியா என்று போகும் இனப் பெயர்களிலும் நாட்டுப் பெயர்களிலும் பெரியவர்களே இடறுவதுண்டு. அந்தப் பெயர்களைத் தனித்தாளில் எழுதி, அசை பிரித்து, எங்கே மூச்சு விடவேண்டும் என்பதற்குக் கோடிட்டு, எதிரே ஒருவரை உட்காரவைத்து வாசித்துப் பழகுங்கள். தடுமாறாமல் வாசித்து முடித்தால், “அவனுக்குத் தமிழ் வராது” என்ற பேச்சு அன்றோடு நின்றுவிடும்.

“உன் இளமையைக்குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு” என்ற வசனத்தை வாலிபர் கூட்டங்களில் சட்டையிலும் பதாகையிலும் அச்சிடுகிறோம். பாதியோடு நிறுத்திவிடுகிறோம் என்பது என் குறை. அசட்டை செய்கிறவர்களோடு வழக்காடும்படி அப்போஸ்தலனாகிய பவுல் தன் இளம் உடனூழியனான தீமோத்தேயுவிடம் சொல்லவில்லை. வார்த்தை, நடக்கை, அன்பு, ஆவி, விசுவாசம், கற்பு ஆகியவற்றில் மாதிரியாயிருக்கச் சொல்கிறார். அதற்குக் காலம் பிடிக்கும். வேதாகமத்தில் வரும் யோசியா 8 வயதில் யூதாவின் ராஜாவானான். 16 வயதில் தேவனைத் தேடத் தொடங்கினான். விக்கிரகங்களை அகற்றி எருசலேமைச் சுத்திகரிக்கத் தொடங்கியபோது அவனுக்கு 20 வயது. நடுவிலிருந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி அவன் கதையைச் சொல்லும் நாளாகமப் புத்தகம் ஒன்றும் விவரிக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து 12 வயதில் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்குப் போன கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார், 19 வயதில் அங்கே தலைமை ஆசிரியரானார். இடைப்பட்ட ஆண்டுகளெல்லாம் படிப்பில்தான் கழிந்தன.

ஆகவே, அடுத்ததாக நீங்கள் ஏற்கும் வேலை மேடையில் தெரியாததாக இருக்கட்டும். வாரந்தோறும் வருவதாகவும், நீங்கள் செய்யாவிட்டால் வேறொருவர் உண்மையாகவே கஷ்டப்படுவதாகவும் இருக்கவேண்டும். கோயிலுக்குத் தனியே வரமுடியாத ஒரு பாட்டியை ஆராதனைக்கு அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது நல்ல தொடக்கம். மே மாத வி.பி.எஸ்ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளியில்) மிகச் சிறிய பிள்ளைகளின் வகுப்பை ஏற்பது அதைவிடக் கடினம்; அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கதை சொல்லத் தெரியவேண்டும்.

உண்மையான சோதனை தேர்வு மாதத்தில் வரும். அப்போது வேலையைச் சொல்லாமல் கைவிட்டால், பழைய சலுகைக்குள் நீங்களே திரும்பிப் போகிறீர்கள். இரண்டு வாரம் முன்னதாகவே உங்கள் இடத்தில் நிற்க ஒருவரை ஏற்பாடு செய்து, ஒருமுறை கூட்டிச்சென்று வேலையைக் காட்டி, எந்த ஞாயிறு திரும்புவீர்கள் என்பதைப் பாட்டியிடமும் சொல்லிவிடுங்கள்.

“பெரிய மனுஷன் ஆயிட்டான்” என்று யாராவது கேலி செய்வார்கள். அது வீட்டுக்குள்ளிருந்தே வரலாம். போர்க்களத்தில் கோலியாத்தைப் பற்றி விசாரித்த தாவீதின்மேல் முதலில் கோபப்பட்டவன் அவனுடைய மூத்த அண்ணன் எலியாப்தான். தாவீது ஒரே வரியில் பதில் சொல்லி, வேறொருவனிடத்தில் திரும்பிக்கொண்டான். நீங்களும் அதற்குமேல் பேசவேண்டியதில்லை. ஓராண்டு இப்படிச் செய்தபின், வாலிபர் சங்கத்தின் கணக்கு நோட்டையோ கோயில் சாவியையோ உங்கள் பொறுப்பில் தரும்படி சபைக் கமிட்டியிடம் எழுத்துமூலம் கேளுங்கள். மாதாமாதம் கணக்கை எந்தத் தேதியில் காட்டுவீர்கள் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.