பிளஸ் டூவும் தொழிற்பயிற்சியும்: எதை முதலில் எடுப்பது, எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது

மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை தொழில் கற்க நினைத்தால் தமிழ்நாட்டில் மூன்று வழி உண்டு: பள்ளியிலேயே இருக்கும் தொழிற்கல்விப் பிரிவு, ஐடிஐ என்னும் தொழிற்பயிற்சி நிலையம், தொழிற்சாலையில் நேரடியாக அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர், அதாவது உதவித்தொகையோடு வேலை கற்பவர்). மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. சரியான வரிசையில் எடுத்தால் ஒன்று மற்றதில் காலத்தை மிச்சப்படுத்தும். வரிசை மாறினால் இரண்டு வருடம் சும்மா போகும். அதனால் "எந்த கோர்ஸுக்கு வேலை கிடைக்கும்?" என்று கேட்பதற்கு முன்னால், முடிவில் எந்தச் சான்றிதழ் கைக்கு வரும், அது அடுத்து எந்தக் கதவைத் திறக்கும் என்று பாருங்கள்.

பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு

அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், ஆட்டோமொபைல், நெசவுத் தொழில்நுட்பம், செவிலியம், வேளாண் அறிவியல், அலுவலக மேலாண்மை, தணிக்கையியல் போன்ற பாடங்கள் இதில் வரும். மதிப்பெண் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடம் என்று பல பள்ளிகளே இதை நடத்துவது வருத்தம்தான். ஆனால் இந்தப் பிரிவில் படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் தனியாக 2 விழுக்காடு இடங்கள் உண்டு. பாலிடெக்னிக்கில் தொடர்புள்ள துறையில் நேரடி இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 'நாட்ஸ்' (தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம்) திட்டத்தில் ஓராண்டு தொழிற்கல்வி அப்ரண்டிஸாகவும் போகலாம். தென்மாநிலங்களுக்கு இதைப் பார்ப்பது சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம்.

இந்தத் திட்டத்தில் ஒரு முள் இருக்கிறது. ஏற்கெனவே ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவமோ பயிற்சியோ இருந்தால் சேர முடியாது. ரிசல்ட் வந்ததும் 'சும்மா இருக்க வேண்டாமே' என்று ஏதோ கம்பெனியில் ஒரு வருடம் ஓட்டிவிட்டு வருபவர்களுக்கு இந்த வாசல் மூடியிருக்கும். முதலில் பதிவு செய்யுங்கள், அப்புறம் மற்றது.

ஐடிஐ யாருக்கு?

ஃபிட்டர், எலக்ட்ரீசியன், டர்னர், மெஷினிஸ்ட் ஆகியவை பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் சேரும் இரண்டு வருடப் பிரிவுகள். வெல்டருக்கும் வயர்மேனுக்கும் எட்டாம் வகுப்பே போதும். வெல்டர் ஓராண்டு, வயர்மேன் இரண்டாண்டு. பிளஸ் டூவில் தவறியவரும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூவைத் திரும்ப எழுதித் தேறும்வரை காத்திருந்து ஒரு வருடம் இழக்க வேண்டியதில்லை.

பிளஸ் டூ முடித்தவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்துத் தேர்ச்சி பெற்றவருக்கு டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரும் தகுதி ஏற்கெனவே இருக்கிறது. அவர் 'ஐடிஐ முடித்தால் நேரடி இரண்டாம் ஆண்டு கிடைக்குமாம்' என்று கேள்விப்பட்டு இரண்டு வருடம் ஐடிஐயில் உட்கார்ந்தால், முன்பே திறந்திருந்த கதவுக்குச் சாவி செய்ததுபோல் ஆகும். டிப்ளமோதான் குறி என்றால் நேரே பாலிடெக்னிக் போங்கள். கைத்தொழில்தான் வேண்டும், லேத்திலும் (கடைசல் இயந்திரம்) வெல்டிங்கிலும் கை பழக வேண்டும் என்றால் மட்டுமே பிளஸ் டூவுக்குப் பின் ஐடிஐ. பத்தாம் வகுப்போடு வருபவருக்குக் கணக்கே வேறு. அவருக்கு இரண்டு வருட ஐடிஐ டிப்ளமோவுக்கான நல்ல ஏணி.

சேரும் முன் நிறுவனத்தை நேரில் பாருங்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தப் பிரிவுக்கு என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் குழுமம்) அங்கீகாரம் இருக்கிறதா? நிறுவனத்துக்கு இருந்தால் போதாது, நீங்கள் சேரும் பிரிவுக்கு இருக்க வேண்டும். அடுத்தது பட்டறை. ஃபிட்டர், எலக்ட்ரீசியன் பிரிவுகளில் ஒரு யூனிட்டுக்கு 20 பேர். இருபது பேருக்கு எத்தனை வைஸ் (உலோகத்தை இறுக்கிப் பிடிக்கும் கருவி) இருக்கிறது, எத்தனை லேத் உண்மையில் சுற்றுகிறது என்று எண்ணுங்கள். துணி போர்த்தி வைத்திருக்கும் மெஷின் கணக்கில் வராது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்கள் தொழில் 4.0 (நவீனத் தானியங்கி உற்பத்தி) மையங்களாகத் தரம் உயர்த்தப்பட்டு ரோபோ, சிஎன்சி (கணினி இயக்கும் இயந்திரம்), மின்வாகனப் பிரிவுகள் வந்திருக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் அப்படி ஒன்று இருந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

சேர்ந்த பின் கவனிக்க வேண்டியது வருகைப் பதிவு. 80 விழுக்காடு இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. தேர்ச்சிக்கு எழுத்துத் தாளில் 33 விழுக்காடு போதும், செய்முறையில் 60 வேண்டும். பள்ளிப் பழக்கத்தில் புத்தகத்தை மட்டும் உருப்போட்டு வருபவர்கள் செய்முறையில்தான் விழுகிறார்கள்.

அப்ரண்டிஸா, டிரெயினியா?

ஒரே கேட், ஒரே சீருடை, ஒரே கேன்டீன். ஒருவர் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் அப்ரண்டிஸ், பக்கத்தில் நிற்பவர் கான்ட்ராக்டர் எடுத்த 'டிரெயினி'. பயிற்சி முடிந்து தேர்விலும் தேறினால் முன்னவர் கையில் மத்திய அரசு மதிக்கும் சான்றிதழ் இருக்கும். பின்னவர் கையில் கம்பெனி லெட்டர்ஹெட்டில் நாலு வரி இருக்கும், அதுவும் கேட்டு வாங்கினால்தான்.

வித்தியாசத்தை முதல் நாளே கண்டுபிடிக்கலாம். சட்டப்படியான அப்ரண்டிஸுக்கு அரசின் இணையதளத்தில் பதிவான ஒப்பந்தம் இருக்கும். அதற்குப் பதிவு எண் உண்டு. அதில் தொழிற்பிரிவின் பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள், மாத உதவித்தொகை எழுதப்பட்டிருக்கும். 18 வயது நிரம்பாதவராக இருந்தால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். உங்களிடமிருந்து பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் நீங்கள் பெரும்பாலும் அப்ரண்டிஸ் இல்லை, ஏனென்றால் இந்தச் சட்டத்தின் கீழ் வரும் அப்ரண்டிஸை அந்த இரண்டும் தொழிலாளியாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்காக விபத்து நடந்தால் கைவிட முடியாது. பயிற்சியில் காயம்பட்டால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். எனவே நடுத்தரத் தொழிற்சாலைகளிலும் இடம் இருக்கும். பெரிய பெயர்களை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். குறைந்தபட்ச வயது 14, ஆபத்தான தொழில் என்றால் 18. பதினேழு வயதில் ரசாயன ஆலைக்கு விண்ணப்பித்து அலைய வேண்டாம்.

பணம் எவ்வளவு, எப்படி வரும்?

2019இல் திருத்திய விதிப்படி குறைந்தபட்ச மாத உதவித்தொகை: பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு 6,000 ரூபாய், பிளஸ் டூவுக்கும் ஐடிஐக்கும் 7,000, டிப்ளமோவுக்கு 8,000. இரண்டாம் ஆண்டில் 10 விழுக்காடு கூடும். 7,000 பெற்றவருக்கு 7,700. இது தரை, கம்பெனி கூட்டித் தரலாம். கையெழுத்திடும் நாளில் நடப்பில் இருக்கும் விகிதத்தை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

'நாப்ஸ்' (தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம்) திட்டத்தில் உதவித்தொகையின் 25 விழுக்காட்டை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு நேரடியாக உங்கள் வங்கிக் கணக்கில் போடும். 7,000 ரூபாய்க்குக் கால் பங்கு 1,750 வரும். ஆனால் உச்சவரம்பால் 1,500தான். ஆகவே கம்பெனியிலிருந்து 5,500 மட்டும் வந்தால் உடனே ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். மீதி வேறு வழியில் வர வேண்டியது. அது வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் ஆதாரில்தான்: கணக்கோடு ஆதார் இணைக்காமல் இருப்பது, அல்லது மதிப்பெண் பட்டியலில் 'எஸ். கார்த்திக்' என்றும் ஆதாரில் 'கார்த்திக் சுப்பிரமணி' என்றும் இருப்பது. பிளஸ் டூ படிக்கும்போதே இந்தப் பெயர்களை ஒன்றாக்கிவிடுங்கள். ஒப்பந்தம் பதிவாகும் வாரத்தில் ஆதார் மையத்தில் வரிசையில் நிற்பதைவிட அது மேல்.

அசல் சான்றிதழைக் கேட்டால் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். 'இடம் வாங்கித் தருகிறேன்' என்று முன்பணம் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அப்ரண்டிஸ் சேர்வதற்கு ஏஜென்டுக்குப் பணம் தர வேண்டிய இடமே இல்லை.

ரயில்வே வழி

சென்னை பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். பத்தாம் வகுப்பு முடித்தவர்களையும் ஐடிஐ முடித்தவர்களையும் அப்ரண்டிஸாக எடுக்கிறது. எழுத்துத் தேர்வு கிடையாது, மதிப்பெண்தான். எனவே பத்தாம் வகுப்பு மார்க் பிளஸ் டூவோடு செத்துப்போவதில்லை. இங்கே பயிற்சி முடித்தால் நிரந்தர வேலை தானாக வரும் என்று ஊரில் சொல்வார்கள். அப்படி இல்லை, எந்த நிறுவனத்தையும் அப்ரண்டிஸை வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ரயில்வேயில் லெவல்-1 எனப்படும் தொடக்கநிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு பயிற்சி முடித்த அப்ரண்டிஸ்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அதற்கும் தேர்வு எழுத வேண்டும், கையில் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் இருக்க வேண்டும்.

அந்தச் சான்றிதழ் பயிற்சிக்காலம் முடிந்ததும் வந்துவிடாது. அகில இந்தியத் தொழிற்தேர்வில் தேறினால்தான் வரும். கடைசி மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய், தேர்வுக்கு வராமல் விட்டவர்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் இருப்பார்கள். பயிற்சியின் கடைசி மூன்று மாதத்தில் எச்.ஆர். மேசைக்குப் போய், தேர்வுக்கு உங்கள் பெயர் போயிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை கேளுங்கள். ஹால் டிக்கெட் கைக்கு வரும்வரை கேளுங்கள்.