மொழியைத் தேர்வதற்கு முன் ஒரு மாலை

போன போகத்தில் அம்பாறைப் பக்கம் ஒரு நெல் ஆலைக்குப் பற்றுச்சீட்டு அடிக்கும் புரோகிராம் எழுதினேன். புதிய புரோகிராமிங் மொழி, எழுத அவ்வளவு சுகம். இரண்டு நாளில் கணக்கெல்லாம் சரி. அப்புறம் பிடிஎஃப் எடுத்தால், 'நெல்' என்பதில் கொம்பு 'ந'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது! தமிழ் எழுத்தை ஒழுங்காக அடுக்க ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்தடுக்கும் மென்பொருள் ஒன்று வேண்டும். அந்த மொழியின் பிடிஎஃப் லைப்ரரியில், அதாவது பிடிஎஃப் செய்ய ஆயத்தமாக எழுதிவைத்த கோடில், அது இல்லை. ஒரு கிழமை அதிலேயே போயிற்று.

கல்லடியில் என்னிடம் பழக வரும் தம்பிமாருக்கு இப்போது சொல்வது: வேலையில் ஆகக் கடினமான துண்டை முதலில் எடுத்து, ஒரு மாலைக்குள் செய்து பாருங்கள். லைப்ரரியின் கடைசி வெளியீடு எப்போது, பிழை தேடும் டிபக்கர் நினைத்த வரியில் நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

மொழியின் வயதை மட்டும் நம்ப வேண்டாம். 1991இல் வந்த பைத்தனுக்கு லைப்ரரிகள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் அந்த லைப்ரரிகளைப் பேக்கேஜாக இறக்கிக் கையாளப் பிப், பொயட்ரி என்று ஆளுக்கொரு கருவி. 2015இல் 1.0 பதிப்புக் கண்ட ரஸ்ட் மொழியில் பில்ட், டெஸ்ட், பேக்கேஜ் எல்லாவற்றுக்கும் கார்கோ என்ற கருவி ஒன்றே. மாரி மழையில் இணையம் அறுந்தாலும் பரவாயில்லை, 'கார்கோ வென்டர்' என்ற கட்டளை கொடுத்து முன்கூட்டியே தேவையான பேக்கேஜ் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.