அறுகம்பைக்கு முதல் தடவை: காற்றைப் பார்த்து நாளைப் பிரிக்கும் வழி

இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் அறுகம்பை என்றதும் அலைச்சறுக்குப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடலுக்குள் ஓடுகிற வெள்ளைக்காரர்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வருவார். "எனக்கு நீச்சலே அரைகுறை, அங்கே போய் என்ன செய்கிறது?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செய்வதற்கு நிறையவே இருக்கிறது. ஆனால் எதையும் நாம் நினைத்த நேரத்தில் செய்ய முடியாது, காற்று விடுகிற நேரத்தில்தான் செய்யலாம். காலையில் கடல், நடுப்பகலில் நிழல், பின்னேரம் களப்பு அல்லது காடு. இந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் மூன்று நாளிலேயே ஊரின் நல்ல பாகம் கைக்கு வந்துவிடும். இதை மாற்றிப்போட்டால் ஒரு வாரம் நின்றாலும் வெயிலில் காய்ந்ததுதான் மிச்சம்.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே தொடங்கி செப்டெம்பர் வரை போகலாம். தென்மேற்குப் பருவக்காற்று மழையையெல்லாம் கொழும்புப் பக்கமும் மலைநாட்டிலும் கொட்டிவிட்டு, வறண்டுபோய் கிழக்கே இறங்கும். அதைத்தான் எங்கள் பக்கத்தில் கச்சான் காற்று என்போம். வயலில் நிற்கிறவருக்கு அது தோலை உரிக்கிற காற்று. கடலில் நிற்கிறவருக்கோ அதைவிட நல்ல காற்று கிடையாது. தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கரைக்கு வரும் அலை சட்டென்று சரிந்து விழாமல் கொஞ்ச நேரம் நிமிர்ந்து நிற்கும். அதே மாதங்களில் இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் எழும் புயல்களின் அலைகளும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடிவந்து, இங்கே நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளில் வளைந்து உடையும். இந்த இரண்டும் சேர்வதால்தான் உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

யூலை, ஓகஸ்ட் உச்சக்கட்டம். அறை விலையும் உச்சம், கடலுக்குள்ளும் நெரிசல். முதல் தடவை பழகப் போகிறவருக்கு மே மாதமோ செப்டெம்பரோதான் என் தெரிவு. நவம்பருக்குப் பிறகு வடகீழ்ப் பருவமழை பிடித்துவிடும், கடைகள் பலதும் பூட்டியிருக்கும்.

இரண்டாம் படி: போய்ச் சேருங்கள்

முதலில் பொத்துவிலைப் பிடிக்க வேண்டும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொணராகலை வழியாக வரும் ஏ4 வீதி பொத்துவிலைத் தொட்டுத்தான் மட்டக்களப்புக்குப் போகிறது. பகல் முழுவதையும் விழுங்குகிற பயணம் என்பதால் இரவு பஸ்ஸில் ஏறிவிடுவது நல்லது. வடக்கிலிருந்து வருகிறவர்கள் மட்டக்களப்பில் பஸ் பிடித்து, கல்முனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாகவே இறங்கி வரலாம். எல்ல, பதுளைப் பக்கம் சுற்றுகிறவர்களுக்கு மொணராகலையில் மாறினால் போதும்.

பொத்துவிலில் இறங்கினால் மூன்று கிலோமீற்றர்தான் மிச்சம். ஓட்டோவில் ஏறும் முன் விலையைப் பேசிக்கொள்ளுங்கள். களப்புக்கு மேலே ஒரு பாலம் வரும். 2004 சுனாமியில் சேதமாகி, பிறகு அமெரிக்க உதவியோடு புதிதாகக் கட்டியது. அதைத் தாண்டினால் உல்லை, அதாவது வெளியூர்க்காரர் அறுகம்பை என்று சொல்லும் அந்த ஒற்றைத் தெரு.

தங்குமிடத்துக்கு அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். தெருவின் கடல் பக்கம் விலை கூட, மறு பக்கம் குறைவு. நடை தூரம் ஒன்றுதான். மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறதா, நுளம்பு வலை கிழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மூன்றாம் படி: முதல் காலையில் தண்ணீரில் இறங்காதீர்கள்

இது யாருக்கும் பிடிக்காத அறிவுரை. ஆனாலும் சொல்கிறேன். விடிய ஆறு மணிக்கு எழும்பி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, கடற்கரையோடு தெற்கே நடந்து முனை வரைக்கும் போங்கள். வழியில் மீனவர்களின் படகுகள் வரிசையாக ஏற்றி வைத்திருக்கும். அதைக் கடந்தால் மெயின் பொயின்ட். அலை அங்கே பாறைத் தளத்தில் உடைந்து, கடலில் இருந்து கரையைப் பார்ப்பவருக்கு வலது கைப் பக்கமாக நீளமாக ஓடும். ஒரு மணி நேரம் சும்மா இருந்து பாருங்கள். அலைகள் ஒன்றொன்றாக வருவதில்லை, கூட்டமாக வரும். நாலைந்து பெரியது வந்து போனதும் கடல் கொஞ்சம் ஓய்ந்து கிடக்கும், அப்புறம் மறுபடியும். எங்கே உடையத் தொடங்குகிறது, ஆட்கள் எந்தப் பக்கத்தால் சுற்றி உள்ளே போகிறார்கள், விழுந்தவர் எங்கே போய் ஒதுங்குகிறார் என்பதெல்லாம் இருந்து பார்த்தால்தான் பிடிபடும்.

அந்த அலை உங்களுக்கானது இல்லை. அடியில் கூரான பாறை, மேலே அனுபவசாலிகளின் நெரிசல். புதியவர்களுக்கு இரண்டு இடங்கள் உண்டு. முனையின் உட்பக்கம், படகுகளுக்கு அருகில் இருக்கும் பேபி பொயின்ட். அலை சின்னது, நடந்தே போகலாம். மற்றது பொத்துவிலுக்கு வடக்கே விஸ்கி பொயின்ட். ஓட்டோ வேண்டும், ஆனால் அடியில் மணல். விழுந்துதான் பழகப்போகிறோம், மணலில் விழுவோமே என்று நான் யாரைக் கூட்டிப்போனாலும் விஸ்கிக்குத்தான் போவேன்.

நான்காம் படி: பலகையும் பாடமும்

தெரு முழுக்கப் பலகை வாடகைக் கடைகள்தான். புதியவருக்கு எட்டு, ஒன்பது அடி நீளமான, மேலே மெத்தென்ற நுரைப் பலகை. சின்னப் பலகை பார்க்க அழகு, ஆனால் நிற்கவே விடாது. கடைக்கார நானா "இது உங்களுக்குச் சரிவரும்" என்று எதையாவது நீட்டினாலும், "நானா, பழகத்தான், நுரைப் பலகை தாங்க" என்று கேட்டு வாங்குங்கள். காசு கொடுக்கும் முன் பலகையை இரண்டு பக்கமும் திருப்பி, ஏற்கெனவே இருக்கிற வெடிப்பையும் கீறலையும் அவர் முன்னாலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது வருகிற சண்டையில் முக்கால்வாசி இதனாலேயே தீர்ந்துவிடும்.

முதல் நாள் கட்டாயம் ஒரு பயிற்றுநரோடு இறங்குங்கள். ஊர்ப் பையன்கள் நிறையப் பேர் சொல்லித் தருகிறார்கள், தமிழிலேயே பேசலாம். உடம்போடு ஒட்டுகிற கைநீளச் சட்டை ஒன்று கேட்டு வாங்கிப் போடுங்கள். வெறும் மேலோடு அரை நாள் பலகையில் தேய்த்தால் வயிறும் நெஞ்சும் எரியும்.

பாடம் மணலில்தான் தொடங்கும். பலகையில் குப்புறப் படுங்கள், கால்விரல்கள் பலகையின் வால் பக்கத்தைத் தொடட்டும். இரண்டு உள்ளங்கைகளையும் விலா எலும்புக்குப் பக்கத்தில் ஊன்றுங்கள். பலகையின் விளிம்பைப் பிடிக்கக் கூடாது; எல்லாரும் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள். கையை அழுத்தி நெஞ்சைத் தூக்கி, முழங்கால் ஊன்றாமல், ஒரே வீச்சில் முன் காலைக் கைகளுக்கு நடுவே கொண்டுவந்து வையுங்கள். முழங்கால்கள் மடங்கியிருக்கட்டும், இடுப்பு தாழ்ந்திருக்கட்டும், கண் காலைப் பார்க்காமல் போகிற திசையைப் பார்க்கட்டும். காலைக் குனிந்து பார்த்த மறு நொடி தண்ணீருக்குள்தான் இருப்பீர்கள். எந்தக் கால் முன்னே என்பதற்குச் சின்னச் சோதனை: பின்னாலிருந்து யாரையாவது எதிர்பாராமல் லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். தானாக முன்னே போகிற காலே முன் கால். பலகையோடு உங்களைப் பிணைக்கும் கயிறு பின் காலின் கணுக்காலில்.

இதை மணலில் மூச்சு வாங்கும் வரை செய்த பிறகு, இடுப்பளவு தண்ணீருக்குப் போங்கள். உடைந்து வெள்ளை நுரையாக வருகிற அலை மட்டும்தான் முதல் நாளுக்கு. பயிற்றுநர் பலகையைப் பிடித்திருப்பார். நுரை நெருங்கியதும் தள்ளிவிட்டு "எழும்பு!" என்று கத்துவார். அவர் கத்திய பிறகு யோசித்து எழும்பினால் பிந்திவிடும். முதல் சில தடவை விழுவீர்கள். அப்புறம் திடீரென்று ஒரு தடவை கால் இரண்டும் பலகையில் இருக்கும், கரை உங்களை நோக்கி ஓடிவரும். அது இரண்டு மூன்று விநாடிதான். அதற்காகத்தான் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு இங்கே மாசக்கணக்கில் கிடக்கிறார்கள்.

தண்ணீருக்குள் மறக்கக் கூடாதவை கொஞ்சம். பலகை ஒருபோதும் உங்களுக்கும் அலைக்கும் நடுவில் இருக்கக் கூடாது, அலை அதைத் தூக்கி முகத்திலேயே அடிக்கும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுங்கள். மேலே வரும்போது கை தலையை மூடியிருக்கட்டும். அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம், அவருக்குக் குறுக்கே புகுந்தால் ஏச்சு விழும், அது நியாயமான ஏச்சு. நீரோட்டம் கடலுக்குள் இழுத்தால் அதை எதிர்த்து நீந்திக் களைக்க வேண்டாம். பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் கையால் துடுப்புப்போட்டு இழுவையை விட்டு வெளியே வாருங்கள். மீன்படகு கரைக்கு வந்தால் உடனே ஒதுங்குங்கள். அது அலையின் மேல் ஏறி ஒரே வேகத்தில் மணலுக்கு வரும், நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

பத்து மணி தாண்டக் கடல் காற்று எழும்பி அலையின் முகத்தைக் கலைக்கத் தொடங்கும். அத்தோடு காலைப் பாடம் முடிந்தது.

ஐந்தாம் படி: நடுப்பகலை வீணாக்குங்கள்

பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் எங்கேயும் போகாதீர்கள். சாப்பிடுங்கள், தூங்குங்கள். தெருவில் பீட்சாவும் பழக்கலவையும் தாராளமாகக் கிடைக்கும், விலையும் தாராளம். சோறும் கறியும் வேண்டுமென்றால் பாலத்தைத் தாண்டிப் பொத்துவில் பஸாருக்குப் போங்கள். சூரை மீன் கறி, பருப்பு, சம்பல் வைத்து வயிறு நிறையத் தருவார்கள். வீதியோரத்தில் சட்டியில் விற்கும் எருமைத் தயிரை வாங்கிப் பாணி ஊற்றிச் சாப்பிடாமல் திரும்பக் கூடாது.

பொத்துவில் பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் ஊர். கடற்கரை உடையோடு பஸாருக்குள் நடக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை நடுப்பகல் ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், அதற்கு முன் சாமானை வாங்கிவிடுங்கள். பௌர்ணமிதோறும் வரும் போயா நாளில் நாடு முழுக்கவே மது விற்பனை இல்லை.

ஆறாம் படி: பின்னேரக் களப்பு

நாலு மணிக்குப் பிறகு பொத்துவில் களப்புக்குப் போங்கள். ஊர் மீனவர்களே தோணியில் கூட்டிப்போவார்கள், இரண்டு மணி நேரம் போல எடுக்கும். இயந்திரம் இல்லாமல் கம்பால் ஊன்றி ஓட்டுகிற தோணியைக் கேளுங்கள். சத்தம் இல்லாவிட்டால்தான் கண்டல் மரங்களுக்குள் கொக்கும் மீன்கொத்தியும் பறக்காமல் இருக்கும். கரைச் சேற்றில் கட்டை மாதிரிக் கிடப்பதெல்லாம் கட்டை இல்லை. கையைத் தண்ணீருக்குள் விடாதீர்கள்.

இன்னொரு பின்னேரத்துக்கு எலிஃபன்ட் றொக். தெற்கே சில கிலோமீற்றர். ஓட்டோவை விட்டு இறங்கிக் கடற்கரையோடு நடந்து பாறையில் ஏறினால், பொழுது காட்டுப் பக்கம் சாய்வதைப் பார்க்கலாம். அங்குள்ள களப்பில் கால் கழுவக்கூட இறங்க வேண்டாம். 2017இல் ஒரு பிரித்தானியச் செய்தியாளரை முதலை இழுத்துக் கொன்றது அந்தப் பகுதியில்தான். திரும்பும்போது இருட்டுக்கு முன் தெருவுக்கு வந்துவிடுங்கள். பாணமை வீதியில் யானை குறுக்கிடும், ஸ்கூட்டரில் போகிறவருக்கு அது விளையாட்டில்லை.

ஏழாம் படி: ஒரு முழு நாளைத் தெற்குக்குக் கொடுங்கள்

அலை குறைவான நாளொன்றைப் பார்த்து விடியற்காலையிலேயே ஜீப் பேசிப் புறப்படுங்கள். சுமார் 12 கிலோமீற்றரில் பாணமை. தமிழரும் சிங்களவரும் தலைமுறைகளாகக் கலந்து வாழும் கிராமம். அதைத் தாண்டிக் காட்டுப் பாதையில் போனால் குடும்பிகலை பௌத்த மடாலயம். பாறைக் குகைகளில் இன்றும் பிக்குகள் இருக்கிறார்கள், பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல்.

அடுத்தது உகந்தை முருகன் கோயில். கடலோரப் பாறைகளுக்கு நடுவில் இருக்கிறது. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வடக்கிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் நடந்துவந்து கூடுவது இங்கேதான். காட்டுப்பாதை திறந்ததும் யால வழியாக நடந்து கதிர்காமம் சேர்வார்கள். ஆடித் திருவிழாக் காலத்தில் நீங்கள் போக நேர்ந்தால், அலையை ஒரு நாள் மறந்துவிட்டு அங்கே நில்லுங்கள், அன்னதானமும் கிடைக்கும்.

குமண தேசியப் பூங்காவின் வாசலும் உகந்தையை ஒட்டியே. போரினால் 1985இலிருந்து 2003 வரை பூட்டிக் கிடந்த காடு. மே, யூனில் போனால் வில்லு என்று சொல்லும் ஆழமில்லாத நீர்நிலையில் பறவைகள் கூடு கட்டியிருக்கும். சிறுத்தை பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு போகிறவர் ஏமாறலாம், பறவைக்காகப் போகிறவர் ஏமாற மாட்டார்.

எட்டாம் படி: திரும்பும் வழி

கொழும்புப் பக்கம் திரும்புகிறவர்கள் நேரே பஸ் ஏறிவிடாமல், லாகுகலையில் சில மணி நேரம் ஒதுக்குங்கள். ஏ4 வீதியிலேயே இருக்கிறது. வறட்சி மாதங்களில் குளம் வற்றும்போது யானைகள் புல் மேயக் கூட்டமாக இறங்கும், பின்னேரம்தான் நல்ல நேரம். பக்கத்துக் காட்டுக்குள் மகுல் மகா விகாரையின் இடிபாடுகள். காவந்திச மன்னன் விகாரமகாதேவியை மணந்த இடம் என்பது ஐதீகம். அங்கே படிக்கட்டின் அடியில் உள்ள சந்திரவட்டக்கல்லைக் குனிந்து பாருங்கள். செதுக்கிய யானைகளின் முதுகில் ஆட்களும் இருக்கிறார்கள். மற்ற இடங்களின் சந்திரவட்டக் கற்களில் யானையின் முதுகில் ஆள் இருக்காது.

இதையெல்லாம் பார்க்க ஓட்டோவையே அரை நாளுக்குப் பேசி, பைகளையும் அதிலேயே ஏற்றிக்கொண்டு, கடைசியில் சியம்பலாண்டுவையில் இறக்கிவிடச் சொல்லுங்கள். மொணராகலைக்குப் பஸ் அங்கேயே பிடிக்கலாம். பின்னேரத்துக்குப் பிறகு பஸ் குறைந்துவிடும், அதனால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஓட்டோக்காரரிடம் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.