நடையா, மாத்திரையா? ஆய்வு எண்களைப் படிக்கும் முறை

நான் பாலிகிளினிக்கில் தாதி. இனிப்புநீர் (நீரிழிவு) வரும் எல்லையில் நிற்பவர்களிடம் பேசுவதுதான் என் வேலை. "மிஸ்ஸி, நடந்தாலே போதுமாம், மாத்திரையைவிட அதுதான் நல்லதாம்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டுகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இது.

செய்தியை விட்டுவிடுங்கள், ஆய்வின் சுருக்கத்தைத் தேடுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தேடும் பப்மெட் (PubMed) இணையத்தளத்தில் காசில்லாமல் கிடைக்கும். ஆங்கிலம் தடுமாறினால் வீட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்தி, 2006இல் வெளியிட்ட ஆய்வைப் பார்ப்போம். சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து, அப்படி மாற்றாதவர்களைவிட 28.5% குறைந்தது. பக்கத்திலேயே 20.5 முதல் 37.3 என்று இருக்கும். அதுதான் 95% நம்பிக்கை இடைவெளி. இதே ஆய்வைத் திரும்பத் திரும்பச் செய்து இடைவெளி போட்டால், நூறில் சுமார் 95 இடைவெளிகளுக்குள் உண்மையான அளவு இருக்கும்.

நடு எண்ணை விட்டு இரண்டு ஓரங்களையும் பாருங்கள். பலன் குறைந்த ஓரமே 20.5. அவ்வளவுதான் கிடைக்கும் என்றாலும் நடப்பீர்களா? நான் நடப்பேன். அந்த ஓரம் சுழியைத் தாண்டிக் கீழே போயிருந்தால், பலனே இல்லாமல் இருக்கவும் இடமுண்டு.

சரி, அதே ஆய்வில் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுத்தவர்களுக்கு? 26.4%, இடைவெளி 19.1 முதல் 35.1. இரண்டு இடைவெளிகளும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கின்றன. நடை மாத்திரையை ஜெயித்தது என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது.

ஆய்வுச் சுருக்கத்தில் 'p' என்று போட்டிருக்கும் பி மதிப்பு 0.05க்குக் கீழே இருந்தால் பலன் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். பலனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதைவிட அதிகமோ வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே அது சொல்லும். பல்லாயிரம் பேர் கலந்துகொண்ட ஆய்வில் அற்ப வித்தியாசம்கூட அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடும்.

அப்புறம், ஆள் கணக்கு. மூன்று ஆண்டில் ஒன்றும் செய்யாதவர்களில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடந்தவர்களில் 39 பேருக்கு. 16 பேர் தப்பியிருக்கிறார்கள். 55இல் இந்த 16தான் ஏறக்குறைய மேலே சொன்ன 28.5%. நோயாளியிடம் நான் முதலில் சொல்வது இந்த எண்ணைத்தான்.

2002இல் வந்த அமெரிக்க ஆய்வில் இதே மாற்றங்களுக்கு 58%, இடைவெளி 48 முதல் 66. சென்னைக் கணக்கோடு எங்கேயும் ஒட்டவில்லை. இரண்டில் ஒன்று பொய்யா? இல்லை. இடைவெளி தற்செயலை மட்டும்தான் கணக்கில் எடுக்கும். யாரை வைத்து ஆய்வு நடந்தது என்பதை எடுக்காது. அங்கே பெரும்பாலும் உடல் பருத்தவர்கள், சென்னையில் அவ்வளவு பருமன் இல்லாதவர்கள். சிங்கப்பூர்த் தமிழர்களுக்குச் சென்னை எண்களையே நான் முதலில் காட்டுவேன்.

ஏற்கெனவே நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டு ஆய்வுகளும் நோய் இன்னும் வராதவர்களிடம் நடந்தவை.