மூளை நலம்: நியூரோஃபீட்பேக்குக்குப் பணம் கட்டுமுன் செய்ய வேண்டியவை

வயதாக ஆக மறதி வந்துவிடுமோ என்ற கவலை உள்ளவர்களும், பிள்ளைக்குப் படிப்பில் கவனம் நிற்கவில்லையே என்ற ஆதங்கம் உள்ளவர்களும் இப்போது நியூரோஃபீட்பேக் பற்றி அதிகம் விசாரிக்கிறார்கள். தலையில் ஒயர்களை ஒட்டிக்கொண்டு, திரையில் ஓடும் படத்தையோ விளையாட்டையோ பார்த்தபடி, மூளையின் மின் அலைகளைத் தானே பழக்கிக்கொள்ளும் பயிற்சி அது. பொதுவாக இருபது முதல் நாற்பது அமர்வுகள் வரை வரச் சொல்வார்கள் என்பதால் செலவும் சிறியதாக இருப்பதில்லை. வடசென்னையில் வசிக்கும் ஒருவர் அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன் முடிக்க வேண்டிய காரியங்கள் எவை, அவற்றுக்குப் பிறகும் பயிற்சி வேண்டுமென்றால் எதைக் கேட்டு, எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் காரியம் பி.பி. உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம். உடல் செலவிடும் ஆற்றலிலோ அது ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த ஆற்றலைக் கொண்டுசேர்க்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உயர் ரத்த அழுத்தத்தால் ஆண்டுக்கணக்கில் தடித்துச் சேதமடையும்போது, பக்கவாதம் வராதவர்களுக்கும் யோசிக்கும் வேகமும் நினைவாற்றலும் குறையத் தொடங்குகின்றன. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-இல் 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவை அனைத்தையும் சரிசெய்தால் உலகில் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று மதிப்பிட்டது. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, புகை, அளவு மீறிய மது, உடலுழைப்பின்மை, காது மந்தம், பார்வைக் குறைவு, தலையில் அடி, தனிமை, காற்று மாசு ஆகியவை அதில் உண்டு; நியூரோஃபீட்பேக் செய்துகொள்ளாமை அந்தப் பட்டியலில் இல்லை.

பி.பி.யும் சர்க்கரையும் பார்க்க அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமே போதும், கட்டணம் கிடையாது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். வீட்டில் எலெக்ட்ரானிக் கருவி வைத்துப் பார்ப்பவர்கள், டீ குடித்தோ பீடி, சிகரெட் புகைத்தோ அரை மணி நேரம் ஆகாமல் அளக்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால்கள் இரண்டையும் தரையில் பதித்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றி, கை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி மேசையில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் மாடிக்குப் படியேறி வந்த மூச்சோடு அளந்துவிட்டுப் பயந்துபோகிறவர்களும் உண்டு, ஒரே ஒரு நல்ல அளவைப் பார்த்து மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. இரண்டாமவர்களே அதிக ஆபத்தில் இருப்பவர்கள்.

இரண்டாவது, காது. ஒலி தெளிவாக வராதபோது மூளை பேச்சைப் புரிந்துகொள்வதிலேயே தன் சக்தியைச் செலவழிக்கிறது. அந்த மனிதரும் மெல்ல மெல்லப் பேச்சுகளிலிருந்து ஒதுங்கிவிடுகிறார். துறைமுகத்திலும் வொர்க்‌ஷாப்பிலும் இரைச்சலுக்கு நடுவே காலம் கழித்தவர்கள் நிறைந்த பகுதியில் இது சாதாரணக் குறை என்பதாலேயே யாரும் கவனிப்பதில்லை. டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும் பெரியவரை அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அழைத்துச் சென்று கேட்புத் திறன் சோதனை செய்துவிடுங்கள். சில நேரம் காதில் அடைத்த அழுக்கை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கருவி தேவைப்பட்டால் கூச்சப்படாமல் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். மறதி நோய்க்கான ஆபத்துகள் கூடுதலாக உள்ள முதியவர்களிடம் காது கேட்கும் கருவி சிந்தனைத் திறன் சரிவதைத் தாமதப்படுத்தியதாக 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

அடுத்தது நடை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதியவர்களுக்கு விழாமல் நிற்கும் சமநிலைப் பயிற்சியும் சேர்த்து. அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு தொடர்ந்து நடந்தவர்களுக்கு நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் பகுதி ஏறத்தாழ 2 சதவீதம் வளர்ந்திருந்தது. ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ஓரமாக நடப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ராயபுரத்தில் பழைய ராபின்சன் பூங்காவான அறிஞர் அண்ணா பூங்காவிலோ, லாரி நுழையாத உள்தெருக்களிலோ நடக்கலாம். மணலி, எண்ணூர் ஆலைப்புகைக்குத் தனி ஒருவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவதை நிறுத்திக் கொசுவலை கட்டுவது நம் கையில் இருக்கிறது.

சாப்பாட்டில் காசிமேட்டு மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மத்தியும் கானாங்கெளுத்தியும் நெத்திலியும் மூளைக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பை மலிவாகத் தருபவை. பொரிப்பதைவிடக் குழம்பாக வைப்பது மேல். கவனிக்க வேண்டியது உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்ற வரம்பைக் கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூன்றும் ஒரே வேளையில் தட்டுக்கு வந்தால் எளிதில் தாண்டிவிடுவோம். தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். உரத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தலையில் அடிபடாமல் இருக்க, பைக்கில் பின்னால் உட்கார்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குப் புதிர் விளையாடும் செயலிகளைவிடத் தெருமுனை கேரம் போர்டே நல்லது என்பது என் எண்ணம்: அங்கே கணக்கும் கைநுட்பமும் நான்கு பேரோடு வாக்குவாதமும் சேர்ந்தே கிடைக்கின்றன.

இவற்றையெல்லாம் தொடங்கிய பிறகு நியூரோஃபீட்பேக்குக்கு வருவோம். ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1924-இல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1960-களில் பாரி ஸ்டெர்மன் பூனைகளுக்கு விநாடிக்கு 12 முதல் 15 சுற்றுகள் கொண்ட அலையைக் கூட்டினால் உணவு கிடைக்கும் என்று பழக்கிக் காட்டினார்; 1970-களில் அது வலிப்பு நோயாளிகளுக்கும், பிறகு கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள குழந்தைகளுக்கும் பயன்படுத்தப்பட்டது. இன்றைய பயிற்சியிலும் அதே தத்துவம்தான்: வேண்டிய அலை கூடும்போது படம் தெளிவாக ஓடும், விளையாட்டென்றால் புள்ளியும் பரிசொலியும் கிடைக்கும்; குறைந்தால் படம் மங்கும் அல்லது நின்றுவிடும்.

பலன் எவ்வளவு என்பதில் நிதானம் தேவை. அமெரிக்காவில் கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள 144 குழந்தைகளிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான பயிற்சி எது, போலிப் பயிற்சி எது என்பது குழந்தைக்கும் பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் தெரியாமல் வைத்திருந்தார்கள். இரு பிரிவினருமே தேறினார்கள். இரண்டுக்குமிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வாரந்தோறும் ஒரு பெரியவர் உட்காரவைத்து ஊக்கப்படுத்துவதும், அசையாமல் இருந்து பழகுவதும் தம்மளவில் உதவியிருக்கலாம். முதுமையில் வரும் மறதி நோயை இது தடுக்கும் என்று சொல்வதற்கு உறுதியான சான்று இல்லை. அப்படி உத்தரவாதம் தருபவரிடம் சேர வேண்டாம்.

அப்படியும் முயன்று பார்க்க விரும்பினால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரோ, மனநல அல்லது நரம்பியல் மருத்துவரோ பொறுப்பில் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். சிவப்பும் நீலமுமாக அச்சிட்ட மூளைப் படத்தைக் காட்டி அதை மட்டுமே வைத்து நோயின் பெயரைச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். பயிற்சிக்குப் போகுமுன் தலைக்குக் குளித்துச் சுத்தமாகத் துவட்டி, எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையில், ஒயர் நுனியில் உள்ள எலெக்ட்ரோடு சரியாகப் பற்றாது. ஒட்டுமிடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து பேஸ்ட் வைத்த பிறகு, தோலுக்கும் எலெக்ட்ரோடுக்கும் இடையே மின்தடை எவ்வளவு என்று அவர்கள் பார்க்கிறார்களா எனக் கவனியுங்கள்.

பிறகு நீங்களே ஒரு சோதனை செய்யலாம். திரையில் அலைக்கோடு ஓடும்போது பற்களை இறுகக் கடித்துவிட்டுத் தளர்த்துங்கள்; கோடு அடர்ந்து தடிமனாகக் குதிக்கும். அது தாடைத் தசையின் மின்சாரம். நல்ல அமைப்பு அந்த நேரத்தில் புள்ளி தராமல் நிறுத்திவைக்கும்; பல்லைக் கடித்ததற்கே பரிசொலி எழுந்தால், பிள்ளை அங்கே பழகப்போவது பல்லைக் கடிக்கத்தான்.

மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாமல் பத்து அமர்வுகளுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். சேரும் முன்பே வீட்டில் ஒரு நோட்டில், இரவு தூங்கப் போன நேரம், பிள்ளை எழுந்துபோகாமல் வீட்டுப்பாடம் எழுதிய நிமிடங்கள், ஆசிரியர் சொன்ன குறை போன்றவற்றை இரண்டு வாரம் எழுதிவையுங்கள். பத்தாவது அமர்வுக்குப் பின் மீண்டும் இரண்டு வாரம் எழுதி ஒப்பிடுங்கள். அதில் மாற்றம் தெரியாவிட்டால், திரையில் புள்ளிகள் எவ்வளவு கூடியிருந்தாலும் நிறுத்திவிடலாம். தலைவலி, அசதி, தூக்கக் கோளாறு வந்தால் உடனே சொல்ல வேண்டும். வலிப்புக்கோ கவனக்குறைவுக்கோ மாத்திரை எடுப்பவர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட இந்தப் பயிற்சிக்காக நிறுத்தக் கூடாது.