மிஸ்வாக் குச்சியால் ஈறு புண்ணாகாமல் பல் துலக்குவது எப்படி

சேலம் கோட்டைப் பக்கம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தால் அத்தர், தொப்பி, தஸ்பீஹ் மணிக்கு நடுவில் மிஸ்வாக்கும் விற்பார்கள். வாங்கும்போது குச்சியை லேசாக வளைத்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் நல்லது, படக்கென்று ஒடியும் போலிருந்தால் விட்டுவிடுங்கள். சுண்டுவிரல் கனம், ஒரு சாண் நீளம் போதும். உறைக்குள் இருப்பதென்றால் பூஞ்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இது உகாய் மரத்து வேர். அரபியில் அராக், உருதுக்காரர்கள் பீலு என்பார்கள். உப்புப் பூத்த வறண்ட மண்ணில் வளரும் மரம் என்பதால் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் தேடிப் பிரயோஜனமில்லை. மலைக்குப் போன இடத்தில் பெயர் தெரியாத குச்சியை ஒடித்து வாயில் வைக்காதீர்கள், அரளி மாதிரி விஷச் செடியாக இருந்தால் வம்பு. மிஸ்வாக் கிடைக்காத நாளில் வேப்பங்குச்சி இருக்கவே இருக்கிறது.

நுனியில் அரை அங்குலத்துக்குப் பட்டையைச் சீவிவிட்டு, கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்து, கடைவாயில் மெல்லுங்கள். முள்ளங்கி மாதிரி ஒரு காரம் ஏறும். கிருமியைத் தடுக்கும் சத்து அந்தக் காரத்தில்தான் இருக்கிறது, அதனால் காரமே இல்லாத பழைய நுனியை வெட்டி எறியுங்கள். நார் பிரிந்து குஞ்சம் மாதிரி மிருதுவாகும் வரை மெல்ல வேண்டும். பாதி மென்ற குச்சியால் தேய்ப்பதும் ஈர்க்குச்சியால் ஈறைக் குத்துவதும் ஒன்றுதான்!

பிடிப்பதற்கும் ஒரு முறை உண்டு: பெருவிரலும் சுண்டுவிரலும் குச்சிக்கு அடியில், மற்ற மூன்று விரல்களும் மேலே. இப்படிப் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் அவ்வளவாக அழுத்த முடியாது, அதுதான் இதில் விசேஷம். நான் பல வருஷம் முஷ்டியில் பிடித்து வறட்டு வறட்டென்று தேய்த்தேன், இடப்பக்கக் கோரைப்பல்லில் ஈறு இறங்கி வேர் தெரிய ஆரம்பித்து, ஐஸ் தண்ணீர் பட்டால் உயிர் போகும். பல் டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "குச்சியா, பாய்?"

மார்க்க நூல்களில் பல்லுக்கு அகலவாக்கில், நாக்குக்கு நீளவாக்கில் என்று எழுதியிருக்கும், ஈறு கிழியக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். அதற்காக ரம்பம் போட வேண்டாம். இரண்டு மூன்று பல்லாக எடுத்துக்கொண்டு சின்னச் சின்ன அசைவாகத் தேய்த்துவிட்டு, குஞ்சத்தை ஈறோரத்திலிருந்து பல் நுனிப் பக்கம் தள்ளிவிடுங்கள். பல்லின் உட்பக்கத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். குச்சி நேராக இருப்பதால் அங்கே எட்டாது, நாரை விரலால் மடக்கிக்கொள்ளுங்கள்.

ரத்தம் விஷயத்துக்கு வருவோம். "கெட்ட ரத்தம், போகட்டும்" என்று எங்கள் அத்தா சொல்வார், அது தப்பு. ஈறோரம் படிந்த அழுக்கால் ஈறு வீங்கியிருப்பதன் அடையாளம்தான் பெரும்பாலும் அது. மார்க்கச் சட்டத்தில் ஹனபி, ஷாபி என்று மத்ஹபுகள், அதாவது வழிமுறைகள் உண்டு. சேலத்தில் நம்மில் பலர் ஹனபி, அதன்படி வாயிலிருந்து வரும் ரத்தம் எச்சிலுக்குச் சமமாகவோ மிஞ்சியோ இருந்தால் ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவிக்கொள்ளும் சுத்தம்) முறிந்துவிடும். ஷாபி மத்ஹபில் முறியாது. ஆகவே தொழுகைக்கு நிற்கும் நேரத்தில் தேய்ப்பதைவிட ஒளுச் செய்து வாய் கொப்பளிக்கும்போதே தேய்ப்பது நமக்குத் தோது. நோன்பிலும் ஹனபிகள் எந்த நேரமும் தேய்க்கலாம், ஷாபியில் உச்சி சாய்ந்த பிறகு மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது. புதினா வாசம் ஏற்றிய குச்சி மட்டும் நோன்பில் வேண்டாம்.

குச்சியால் ஆகாததும் உண்டு. கல்லாக இறுகிவிட்ட காரையை அது பெயர்க்காது, பல் டாக்டரிடம் போய்த்தான் எடுக்க வேண்டும். இரண்டு பல்லுக்கு இடையிலும் அது நுழையாது, அதனால் ராத்திரி படுக்குமுன் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் நான் விடுவதில்லை. சேலம், தருமபுரிப் பக்கம் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு கூடிப்போய்ச் சிலருக்குப் பல்லில் பழுப்புக் கோடு விழுந்திருக்கும், அது சின்ன வயசிலேயே எனாமலுக்குள் ஏறிய கறை, தேய்த்துப் போக்க நினைத்தால் எனாமல்தான் போகும். இரண்டு வாரம் மெதுவாகத் தேய்த்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை இருப்பவர்கள் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், ஈரக் குச்சியை மூடி போட்ட டப்பாவில் அடைக்காதீர்கள். கழுவி உதறி, நுனி மேலே இருக்கும்படி டம்ளரில் நிறுத்துங்கள், குளியலறைக்கு வெளியே. இரண்டு நாளைக்கு ஒருமுறை நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக மெல்லுங்கள். ஒருவர் குச்சி ஒருவருக்குத்தான்.